1037.55 டிகிரி எங்கிருந்து வந்தது?



பாலிடெக்னிக் ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி நடக்கும் காட்சி ஒன்று. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அகச்சிவப்பு வெப்ப உணரி ஒன்றை ஆர்டுயினோ போர்டோடு நான்கு வயர்களால் இணைக்கிறார் மாணவர். உள்ளங்கையை அதன் எதிரே நீட்டுகிறார். திரையில் 33, 34 என்று ஏதாவது வரும் என எதிர்பார்க்கிறார். வருவதோ 1037.55 டிகிரி செல்சியஸ். கையை எடுத்தாலும் 1037.55. ஐஸ்கட்டியைக் காட்டினாலும் 1037.55. வெள்ளியே உருகி ஓடும் சூடு அது. சென்சார் போய்விட்டது என்று முடிவுகட்டி, கடைக்கு ஓடி இன்னொன்று வாங்கி வருகிறார். அதிலும் 1037.55.

இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் கதை வெளியே வந்துவிடும். இத்தகைய சோதனைகளில் பெரிதும் பயன்படுவது பெல்ஜியத்தின் மெலெக்சிஸ் நிறுவனம் வடிவமைத்த எம்எல்எக்ஸ் 90614 என்ற உணரி. அது வெப்பநிலையை ஒரு முழு எண்ணாக அனுப்பும். அந்த எண்ணில் ஒவ்வொரு ஒன்றுக்கும் 0.02 கெல்வின் மதிப்பு. மாணவரின் நிரல், வந்த எண்ணை 0.02-ஆல் பெருக்கி, 273.15-ஐக் கழித்து, செல்சியஸாகக் காட்டுகிறது. 16 பிட்டுகளில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 65535. அதை 0.02-ஆல் பெருக்கினால் 1310.70. அதில் 273.15 போனால் மிச்சம் 1037.55.

ஆக, திரையில் இருப்பது கையின் சூடுமில்லை, ஐஸின் குளிருமில்லை. பதினாறு பிட்டும் 1 ஆகவே வந்திருக்கிறது, அவ்வளவுதான். உணரியும் போர்டும் பேசிக்கொள்ளும் இரண்டு வயர்களும் சும்மா இருக்கும்போது மின்தடைகளால் மேல்நிலையில் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். பேசுகிறவர் அந்த வயரைக் கீழே இழுத்துத்தான் பூஜ்ஜியம் சொல்ல முடியும். யாருமே பேசாவிட்டால் எல்லாம் 1 ஆகவே தெரியும். பதில் வராததைச் சரிபார்க்காத நிரல், அந்த மௌனத்தையே வெப்பநிலையாக மாற்றி அச்சிட்டுவிடுகிறது.

மௌனத்துக்குக் காரணம் பெரும்பாலும் எளியது. இந்த உணரி பொருத்திய சிறு போர்டுகளை வாங்கும்போது, கூடவே ஊசி வரிசை ஒன்றைத் தனியாகத் தருவார்கள். அதைத் துளைகளில் செருகினால் பிடித்துக்கொண்டது போலவே தெரியும். சாலிடர் வைக்காவிட்டால் தொடுவதும் விடுவதுமாக இருக்கும். அடுத்து, தரவு வயரும் கடிகார வயரும் இடம் மாறியிருக்கலாம். கிரவுண்ட் வயர் விட்டுப்போயிருக்கலாம். ஒரே வயர்களில் இரண்டு உணரிகளை மாட்டியிருந்தால் வேறொரு சிக்கல். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாவற்றுக்கும் முகவரி 90-தான். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஒன்றைத் தனியாக இணைத்து அதன் முகவரியை மாற்றி, மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்த பிறகுதான் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான எண்ணும் உண்டு: -273.15. உலகில் எந்த ஆய்வுக்கூடமும் தொட்டிராத தனிப்பூஜ்ஜியம் அது. வந்த எண் வெறும் பூஜ்ஜியம் என்று பொருள். தரவு வயர் எங்கோ கிரவுண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது நிரல் எதையும் வாங்காமலே கணக்குப் போட்டிருக்கும். இந்த இரண்டு எண்களையும் கண்டால் உணரியை மாற்ற வேண்டாம். மல்டிமீட்டரை எடுத்து வயர்களைப் பார்ப்பது முதல் வேலை.

வயர்கள் சரியான பிறகு வரும் தவறுகள்தான் கடினம். அப்போது திரையில் 1037 போன்ற கத்தும் எண் வராது. 40 வரும், 31.8 வரும். நம்பும்படியாக இருக்கும், ஆனால் தப்பாக இருக்கும். அவற்றைப் பிடிக்க, இந்தக் கருவி உண்மையில் எதைப் பார்க்கிறது என்பது தெரிய வேண்டும்.

1800-ஆம் ஆண்டு. யுரேனஸைக் கண்டுபிடித்த வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், இங்கிலாந்தில் சூரியனைத் தொலைநோக்கியில் பார்க்க வண்ணக் கண்ணாடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். சில கண்ணாடிகள் வெளிச்சத்தைக் குறைத்தும் சூட்டைக் குறைக்கவில்லை. எந்த நிறத்தில் எவ்வளவு சூடு என்று பார்க்க, முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்தார். சிவப்பு முடிந்த இடத்துக்கும் அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இருட்டில் வைத்த வெப்பமானி, நிறங்களுக்குள் இருந்ததைவிட அதிகம் ஏறியது. அதுதான் அகச்சிவப்புக் கதிர். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு சிறு செய்தி: ஹெர்ஷல் தம் வெப்பமானிகளின் குமிழ்களுக்குக் கறுப்புப் பூசியிருந்தார். பளபளக்கும் கண்ணாடிக் குமிழ் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும், கறுப்பு வாங்கிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தனிப்பூஜ்ஜியத்துக்கு மேல் சூடுள்ள ஒவ்வொரு பொருளும் இந்தக் கதிரை வெளிவிடுகிறது. மனித உடல் வெளிவிடும் கதிர், ஏறத்தாழ 9.3 மைக்ரான் அலைநீளத்தில் உச்சத்தைத் தொடுகிறது. எவ்வளவு வெளிவிடும் என்பதற்கான விதியை 1879-இல் யோசெஃப் ஸ்டெஃபான் கண்டறிந்தார். 1884-இல் அவருடைய மாணவர் லூட்விக் போல்ட்ஸ்மன் அதற்குக் கோட்பாட்டு நிரூபணம் தந்தார். கெல்வினில் உள்ள வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்பக் கதிர் கூடும். அந்த விதியைக் கொண்டே சூரியனின் மேற்பரப்பு சுமார் 5430 டிகிரி செல்சியஸ் இருக்கும் என்று ஸ்டெஃபான் கணக்கிட்டார். பூமியில் நின்றபடி, தொடாமலே எடுத்த அளவு அது.

ஆனால் விதியின் வாலில் ஒரு பெருக்கெண் ஒட்டியிருக்கிறது. அதற்கு உமிழ்திறன் என்று பெயர். முழுக் கறுப்பான பொருளுக்கு 1. மனிதத் தோலுக்கு, நிறம் எதுவானாலும், சுமார் 0.98. தண்ணீருக்கு 0.96. பளபளப்பாக மெருகேற்றிய அலுமினியத்துக்கு 0.1-க்கும் கீழே. அகச்சிவப்பு வெப்பமானி தரும் தவறான அளவுகளில் பெரும்பங்கு இந்த ஓர் எண்ணிலிருந்து பிறக்கிறது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டுச் சமையலறையைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடையாது.

அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பாத்திரத்தின் பக்கவாட்டைத் துப்பாக்கி வடிவ வெப்பமானியால் குறிவைத்தால், கருவி 40 டிகிரி என்கிறது. தொட்டால் கை வெந்துவிடும். பக்கத்து அடுப்பில் பல வருடம் எண்ணெய் தேய்த்துப் பழக்கிய இரும்புத் தோசைக்கல். அதைக் குறிவைத்தால் உண்மைக்கு மிக அருகில் காட்டுகிறது. விறகடுப்பில் வைத்த பாத்திரமானால் இன்னும் தெளிவு. கரி பிடித்த அடிப்பகுதி சரியான சூட்டைச் சொல்லும், சாம்பல் போட்டுத் துலக்கிய கழுத்துப் பகுதி பாதிகூடச் சொல்லாது. பாத்திரம் ஒன்றே, அடுப்பு ஒன்றே.

எவர்சில்வருக்கு உமிழ்திறன் 0.1 என்று வைத்துக் கணக்குப் போட்டால் இது விளங்கும். 100 டிகிரியில் உள்ள பாத்திரம், தன் பங்காகப் பத்தில் ஒரு பகுதிக் கதிரைத்தான் வெளிவிடுகிறது. மீதி ஒன்பது பங்கு அதிலிருந்து வருவதே இல்லை. 30 டிகிரியில் இருக்கும் சமையலறைச் சுவரும், எதிரே நிற்பவரின் உடம்பும் வெளிவிட்ட கதிரை அந்தப் பளபளப்பு கண்ணாடிபோலப் பிரதிபலிக்கிறது. உமிழ்திறன் 0.95 என்று நிர்ணயிக்கப்பட்ட கருவி இந்தக் கலவையை வாங்கி, சுமார் 40 டிகிரி என்று விடை சொல்கிறது. கருவி கணக்கில் தவறவில்லை. பாத்திரத்தின் மேல் விழுந்த சுவரின் நிழலை அது அளந்திருக்கிறது.

கருவியின் உமிழ்திறனை 0.1 என்று மாற்றிவிட்டால் போதாதா என்று பலர் கேட்பதுண்டு. காகிதத்தில் சரி. நடைமுறையில், பத்தில் ஒரு பங்கு சமிக்ஞையைப் பத்து மடங்காக்கும்போது சுவரின் பிரதிபலிப்பிலுள்ள சிறு மாற்றமும் பத்து மடங்காகிவிடும். பாத்திரத்தில் ஒரு கீறல், ஒரு எண்ணெய்க் கறை இருந்தாலே 0.1 என்பது 0.2 ஆகிவிடும். அதைவிட எளிய வழி மேற்பரப்பை மாற்றுவது. எலக்ட்ரீஷியன் பையில் இருக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் உமிழ்திறன் சுமார் 0.95. ஒரு துண்டை ஒட்டி, அது பாத்திரத்தின் சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, டேப்பை அளந்தால் போதும். ஹெர்ஷல் குமிழுக்குப் பூசிய கறுப்பின் அதே வேலை. சாதாரண டேப் 80 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும் என்பதால் அதற்கு மேற்பட்ட சூட்டுக்கு, வெப்பம் தாங்கும் பளபளப்பற்ற கறுப்புப் பெயின்ட் நல்லது. மின்சாரம் ஓடும் பாகத்தில் எதையும் ஒட்டப் போகக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைப்பது நல்லது.

எம்எல்எக்ஸ் உணரியில் உமிழ்திறன் உள் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தொழிற்சாலை மதிப்பு 1. 0.95 வேண்டுமென்றால் 65535-ஐ அதனால் பெருக்கி 62258 என்று எழுத வேண்டும். அதற்கு முன்பு அதே இடத்தில் பூஜ்ஜியத்தை எழுதிப் பழையதை அழித்தாக வேண்டும். அழிக்காமல் மேலே எழுதினால் இரண்டும் கலந்த மூன்றாம் எண் ஒன்று உள்ளே உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து இடங்களில் தொழிற்சாலையின் அளவுதிருத்த எண்கள் இருக்கின்றன. கை தவறி அவற்றில் எழுதிவிட்டால் அந்த உணரியை மீட்பது கடினம். எதையும் மாற்றுமுன் உள்ளே இருப்பதைப் படித்து நோட்டில் குறித்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

பிரதிபலிப்பின் விளையாட்டு வெளியில் போனால் இன்னும் பெரிது. மே மாத நண்பகலில் புதுத் தகரக் கூரை தொட முடியாத சூட்டில் கிடக்கும். ஏணியில் ஏறி மேலிருந்து குறிவைத்தால் கருவி வெகு குறைவாகக் காட்டும். தகரத்தின் துத்தநாகப் பூச்சு தெளிந்த வானத்தைப் பிரதிபலிக்கிறது. அகச்சிவப்பின் கண்ணுக்குத் தெளிந்த வானம் மிகக் குளிர்ந்த இடம். இதையே வானியல் ஆர்வலர்கள் பயனுள்ளதாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். உணரியை வானம் பார்க்க வைத்தால் வானம் தெளிவாக இருக்கையில் அளவு இறங்கும், மேகம் வந்ததும் ஏறும். இரவில் தொலைநோக்கியை எப்போது மூட வேண்டும் என்று இந்த உணரியே சொல்லிவிடுகிறது. பிரதிபலிப்பைக் கண்டுபிடிக்க ஒரு கைவழி உண்டு. நின்ற இடத்தை மாற்றி, கோணத்தை மாற்றி, அதே புள்ளியை மறுபடி அளக்க வேண்டும். எண் ஆடினால், பொருளின் சூட்டோடு வேறு ஏதோ கலந்திருக்கிறது.

துணை மின்நிலையங்களில் வெப்பக் கேமராவோடு சுற்றுகிறவர்கள் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறார்கள். புது அலுமினியக் கம்பியும் கவ்வியும் பளபளப்பானவை, அவற்றின் தனி அளவை நம்புவது கடினம். ஆகவே ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களிலும் ஒரே வகைக் கவ்விகளை ஒரே நேரத்தில் பார்த்து ஒப்பிடுகிறார்கள். மூன்றும் ஒரே மாதிரிச் சுமையைச் சுமக்கையில் ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடச் சூடாகத் தெரிந்தால், அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது.

அடுத்த சந்தேகம், கருவி எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்பது. துப்பாக்கி வெப்பமானியில் சிவப்பு லேசர் புள்ளி விழுவதால், அந்தப் புள்ளியைத்தான் அளக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். லேசர் குறிபார்க்க மட்டுமே. 12:1 என்று கருவியில் அச்சிட்டிருந்தால் 12 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. வட்டத்தையும், 120 செ.மீ. தூரத்தில் 10 செ.மீ. வட்டத்தையும் அது சராசரியாக அளக்கிறது. போர்டில் வரும் சாதாரண எம்எல்எக்ஸ் உணரிக்குப் பார்வைக் கோணம் 90 டிகிரி. பத்து செ.மீ. தள்ளி வைத்தால் அது 20 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தைப் பார்க்கும். நெற்றி அதில் ஒரு பகுதிதான். மீதி முடி, காது, பின்னால் உள்ள சுவர். பார்வையில் பாதியை 34 டிகிரி நெற்றியும் பாதியை 30 டிகிரி சுவரும் நிறைத்தால் விடை 32 அளவில் வரும். கிட்டே கொண்டுபோகக் கொண்டுபோக எண் ஏறுகிறதென்றால் காரணம் இதுதான். 35 டிகிரி, 5 டிகிரி கோணத்தில் வரும் வகைகளும் உண்டு. தூரத்திலிருந்து அளக்க வேண்டியவர்கள் வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

இடையில் வரும் பொருளும் ஏமாற்றும். தூசு படக் கூடாதென்று உணரியின் முன் கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வைப்பவர்கள் உண்டு. பிறகு எதைக் காட்டினாலும் அறையின் வெப்பநிலையே வருகிறது என்று கவலைப்படுவார்கள். கண்ணுக்குத் தெளிவான ஜன்னல் கண்ணாடி, இந்த உணரி பார்க்கும் 5.5 முதல் 14 மைக்ரான் கதிருக்குச் சுவரைப் போன்றது. அளவு கண்ணாடியின் மேற்பரப்பினுடையது. மெல்லிய பாலிதீன் தாள் பெருமளவு கதிரை உள்ளே விடும். ஆள் நடமாட்டம் கண்டு விளக்கைப் போடும் உணரிகளின் வெள்ளைக் கூடு பாலிதீனால் ஆனது அதனால்தான். கொதிக்கும் பாத்திரத்தின் நீராவியும், லென்ஸில் படிந்த விரல்ரேகையும் இதே வகைத் தடைகள். விரல்ரேகைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும்.

உணரிக்கு உள்ளேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதிலுள்ள வெப்பமின்னடுக்கு, 1821-இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவைக் கொண்டு இயங்குவது. இரு உலோகச் சந்திப்புகளில் ஒன்று சூடாகவும் ஒன்று குளிராகவும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். ஆக, உணரி நேரடியாக அறிவது எதிரே உள்ள பொருளுக்கும் தன் உடம்புக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே. தன் உடம்பின் சூட்டை இன்னொரு சிறு உணரியால் அளந்து, அதைக் கூட்டித்தான் விடை சொல்கிறது. அதன் உலோகக் குப்பியை விரலால் பிடித்தாலோ, பக்கத்திலேயே சுடும் மின்னழுத்தச் சீராக்கி இருந்தாலோ, குப்பியின் ஒரு பக்கம் மட்டும் சூடேறிக் கணக்கு சாய்ந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க, உணரி அனுப்பும் தன் உடல் வெப்பநிலையையும் திரையில் அச்சிட வேண்டும். அறை 31 டிகிரியில் இருக்க உணரி தன்னை 42 என்று சொன்னால் பக்கத்தில் அடுப்பு எரிகிறது என்று அர்த்தம். மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 5 வோல்ட் வகை, 3 வோல்ட் வகை என இரண்டு உண்டு, மாற்றிக் கொடுத்தால் அளவு பிசகும்.

இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தது 2020-இல். கொரோனா காலத்தில் கடை வாசலிலும் கோயில் வாசலிலும் அலுவலகத்திலும் காவலர் கையில் வெப்பமானி. வெயிலில் வண்டி ஓட்டி வந்தவரின் நெற்றி சுட்டது, ஏசி காரிலிருந்து இறங்கியவரின் நெற்றி குளிர்ந்தது. வியர்வை ஆறும்போது தோல் குளிரும் என்பதால் காய்ச்சல்காரரும் உள்ளே போக முடிந்தது. நெற்றிக்குப் பதிலாகச் சிலர் மணிக்கட்டில் பிடித்தார்கள், அது நெற்றியைவிடக் குளிர்ந்த இடம். மருத்துவ வகைக் கருவிகளில் உடல், மேற்பரப்பு என இரண்டு நிலை உண்டு. நெற்றித் தோல் 33, 34 டிகிரியில் இருப்பது இயல்பு. உடல் நிலையில் கருவி அதைத் திருத்தி 36.5 என்று காட்டும், மேற்பரப்பு நிலையில் திருத்தாமல் 33.5 என்றே காட்டும். பொத்தான் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்காமலே எழுதிய பதிவேடுகள் எத்தனையோ. சில இடங்களில் தொழிற்சாலை வகைக் கருவியே கையில் இருந்தது. 1.5, 2 டிகிரி பிழையைக் கையேட்டிலேயே அனுமதித்துக்கொண்ட கருவி, 37-க்கும் 38-க்கும் இடையிலுள்ள ஒரு டிகிரியை எப்படித் தீர்மானிக்கும்?

அந்த நாட்களில் பரவிய வதந்தி ஒன்றையும் இங்கே தீர்த்துவிடலாம். நெற்றியில் பிடித்தால் கதிர் மூளையைத் தாக்கும் என்று பலர் பயந்தார்கள். இந்தக் கருவி உடம்புக்குள் அகச்சிவப்புக் கதிர் எதையும் செலுத்துவதில்லை. நெற்றி தானாக வெளிவிடுவதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் முறை எளிது. நெற்றி சுத்தமாக, உலர்ந்து, முடி மறைக்காமல் இருக்க வேண்டும். நேர் வெயிலும் காற்று வீச்சும் கூடாது. அளப்பதற்கு முன் கருவி 10 முதல் 30 நிமிடம் அதே சூழலில் இருக்க வேண்டும். வரிசை நீண்ட வாசலில் இதையெல்லாம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

கருவியே சரியா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஐஸைப் பொடித்து அகலமான பாத்திரத்தை நிரப்பி, இடைவெளி மூழ்குமளவு நல்ல தண்ணீர் விட்டு, சில நிமிடம் நன்றாகக் கலக்க வேண்டும். அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும். நேர் மேலே, பார்வை வட்டம் பாத்திரத்துக்குள் அடங்கும் தூரத்தில் பிடித்து, லென்ஸில் பனி படியுமுன் அளந்துவிட வேண்டும். சென்னை போன்ற ஈரக்காற்று ஊரில் இதில் நிதானித்தால் கெட்டது. மேல்முனைக்குக் கொதிநீரை நம்புகிறவர்கள் ஊரையும் பார்க்க வேண்டும். 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆவியும் லென்ஸை மறைக்கும். அதைவிட 50 டிகிரி அளவில் வெந்நீரைக் கலக்கிக்கொண்டே, நீரில் முக்கி அளக்கும் நல்ல வெப்பமானியோடு ஒப்பிடுவது நம்பகமானது. இரு முனையிலும் பிழை ஒரே அளவென்றால் நிரலில் கழித்துக்கொள்ளலாம். ஒரு முனையில் மட்டும் என்றால் உமிழ்திறனையும் தூரத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் பார்த்த மாணவரிடம் திரும்புவோம். இரண்டு உணரிகளிலும் ஒரே எண் வந்தபோதே, கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஊசி வரிசையைச் சாலிடர் செய்கிறார். உள்ளங்கையை 3 செ.மீ. தூரத்தில் நீட்டுகிறார். அந்தத் தூரத்தில் உணரியின் பார்வை 6 செ.மீ. வட்டம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். திரையில் 33.4. நோட்டில் அதை எழுதும்போது பக்கத்திலேயே தூரம், எதைக் காட்டினார், உமிழ்திறன் எவ்வளவு வைத்தார், உணரியின் சொந்த வெப்பநிலை என்ன என்று நான்கு கட்டம் போட்டு நிரப்புகிறார். அடுத்து எவர்சில்வர் டம்ளரில் காபி வருகிறது. டம்ளரை அளக்கிறார், பிறகு காபியின் மேற்பரப்பை அளக்கிறார், இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு இன்சுலேஷன் டேப்பைத் தேடிப் போகிறார்.